கிரிஸ்டல் அடுப்பும் டிசம்பர் குளிரும்

லென்ஸ் விளக்குக்குக் கீழே, இடுக்கி நுனியில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புத் துணுக்கு. அதைப் பிடித்துக்கொண்டு நான் கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். காலை பதினோரு மணி. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆடிட்டர் வருகிறார். மேஜைமேல் என் கடையின் உயிர், மூடி கழற்றப்பட்டு, வயிறு திறந்து கிடந்தது.

அந்தத் துணுக்கு ஒரு கெப்பாசிட்டரின் தலையில், காய்ந்துபோன வெள்ளைப் பொருக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக எலக்ட்ரானிக்ஸில் குப்பை கொட்டுகிறேன். அப்படி ஒரு பொருளை எந்த சர்க்யூட்டிலும் பார்த்ததில்லை. ஆனால் எங்கேயோ தினமும் பார்ப்பதுபோலவும் இருந்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் வேலை பார்த்த ஃபாக்டரியின் கேன்டீன் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், "இந்தம்மாவுக்குச் சாப்பாட்டைத் தவிர எழுத வேறொன்றும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆகவே இந்த வாரம் சுத்தமான எலக்ட்ரானிக்ஸ்.

ஐம்பது லட்சம் நடுக்கம்

ஃபாக்டரியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. "போதும் ஸ்டெல்லா, ஜெபமாலையை எடுத்துக்கிட்டு உக்காரு" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நான் உட்காரவில்லை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் கார் நிற்க வேண்டிய இடத்தை அடைத்து, அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் லேப் ஆரம்பித்தேன். வாசலில் பலகை. பலகையில் என் பெயர். அந்தப் பெயரை எழுதிய பெயின்டர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வாங்கினேன்.

லேபுக்கு ஒரு மூலக் கருவி வேண்டும். மற்ற கருவிகளெல்லாம் சரியா தப்பா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அதை நான் ஃபாக்டரியின் பழைய சாமான் ஏலத்தில் எடுத்தேன். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு கைப்பிடி, கிரைண்டர் கனம். அதற்குள் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். நொடிக்கு ஐம்பது லட்சம் தடவை நடுங்கும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஆனால் சூடு கொஞ்சம் மாறினால் போதும், நடுக்கம் மாறிவிடும். அதனால் கிரிஸ்டலை ஒரு சின்ன அடுப்புக்குள் உட்கார வைத்திருப்பார்கள். ஹீட்டர், அதைச் சுற்றி ஃபோம், சூட்டைக் கண்காணிக்க ஒரு தெர்மிஸ்டர். ராப்பகல் ஒரே சூடு. சுவிட்சை அணைக்கவே கூடாது. அணைத்தால் திரும்பப் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் முரண்டு பிடிக்கும். இருக்கிற மருமகள்களிலேயே கோபக்கார மருமகள்.

எனக்கு இந்த "சரியான நேரம்" கிறுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. கோலார் தங்கவயலில் ஷிப்டுக்குச் சங்கு ஊதுவார்கள். ஊர் முழுக்க அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பும். அப்பா மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சங்கு ரெண்டு நிமிசம் லேட்டு" என்று அறிவிப்பார். ஒருநாளும் தன் கடிகாரத்தின்மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. அம்மாவோ அவரைக் கிளப்புவதற்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருப்பாள். ஒரே வீட்டில் மூன்று நேரம் ஓடியது. அதில் வளர்ந்தவள் இந்தத் தொழிலுக்கு வராமல் வேறெங்கே போவாள்?

டிரைவர் சமையல்கட்டுக்கு வந்த கதை

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம், சிட்டி பஸ் டிரைவர். ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே போரடித்துப்போய், "கிச்சனை நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு மாடியிலிருந்து கீழே லேபுக்கு இறங்கிவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் நன்றாகச் சமைத்தார். ஆனால் பெங்களூர் டிசம்பர் அவரைத் தோற்கடித்தது. இந்தக் குளிரில் இட்லி மாவு பொங்காது என்பது இங்கே குடியிருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அனுபவிக்கிற கஷ்டம். மாவுப் பாத்திரத்துக்குப் போர்வை போர்த்தினார். ஸ்வெட்டர் போட்டார். கியாஸ் அடுப்புக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால், எங்கெங்கோ வைத்தார். மாவு போட்டது போட்டபடி கிடந்தது. அந்த இட்லியை நான் கடித்தபோது என் பல்லுக்குள் ஏதோ நகர்ந்தது.

"இன்னா ஸ்டெல்லா, எப்படி கீது?" என்றார்.

"இதை வச்சு ரெண்டு வீல் பிளாக் பண்ணலாங்க, பஸ் நகராது" என்றேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

பிறகு திடீரென்று இட்லி திருந்தியது. பஞ்சு. கை வைத்தால் அமுங்கி எழும்பியது. நான் வாய்விட்டுப் பாராட்டினேன். "கை பக்குவம் வந்துடுச்சி" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். நானும் நம்பினேன். கீழே எனக்கு வேறு தலைவலி ஆரம்பித்திருந்ததால் இட்லியைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

மூன்று நாளைக்கு ஒரு பள்ளம்

சாட்டிலைட் சிக்னலோடு என் பெட்டியை ஒப்பிட்டு, கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஒரு கோடு வரைந்துகொண்டே இருக்கும். கோடு நேராகப் போக வேண்டும். அது நேராகப் போகாமல் ராத்திரி எட்டு மணி வாக்கில் பள்ளத்தில் இறங்கி, மெல்ல மெல்ல ஏறி, விடியும்போது பழைய இடத்துக்கு வந்தது. நூறு கோடியில் நான்கைந்து பங்குதான் வித்தியாசம். நீங்கள் சிரிக்கலாம். என் தொழிலில் அது குடி முழுகும் சமாசாரம்.

இதில் கொடுமை, தினமும் வருவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை. பதிவேட்டை மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் அலுவலகத்துக்கு உள்ளதை உள்ளபடி அனுப்பினேன். பதில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆடிட்டர் வருவார். பள்ளத்துக்குக் காரணத்தை நிரூபிக்காவிட்டால் அங்கீகாரம் நிறுத்தப்படும். அங்கீகாரம் போனால் என் சான்றுக்கு மதிப்பில்லை. பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

மூன்று நாளைக்கு ஒருமுறை எங்கள் தெருவில் என்ன வரும்? காவேரித் தண்ணீர் வரும்! தண்ணீர் வந்ததும் அத்தனை வீட்டிலும் மோட்டார் போடுவார்கள், வோல்டேஜ் படுத்துவிடும். கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்தேன். புது ஸ்டெபிலைசர் வாங்கினேன். அது போதாதென்று, தெருவிலேயே பெரிய மோட்டார் வைத்திருக்கும் எதிர்வீட்டு ரத்னம்மாவிடம் போய், ஒரு நாள் மட்டும் மோட்டாரை நள்ளிரவு கழித்துப் போடச் சொன்னேன்.

"ஏன் ஸ்டெல்லா, நம்ம மோட்டார் போட்டா உன் கடியாரம் நின்னு ஹோகுதா?" என்றார் ரத்னம்மா, பாதி கன்னடத்தில்.

"நிக்காதுக்கா. கொஞ்சம் நடுங்கும்."

"நடுங்கட்டும் பிடு. டேங்க்ல நீர் இல்லன்னா எங்க அத்தே நடுங்குவாங்க."

ஆனாலும் நல்ல மனுஷி, ஒத்துழைத்தார். நள்ளிரவு வரை மோட்டார் போடவில்லை. பள்ளம் வந்தது. நள்ளிரவுக்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதால் ரத்னம்மா வீட்டு டேங்க் காலி, மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது அவர் மாமியார் என்னை முறைத்த முறைப்பு இன்னும் முதுகில் இருக்கிறது.

ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினேன். முப்பது வருஷம் பெங்களூர் ரோட்டில் பஸ் ஓட்டிய கண். உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லா குழியும் ஒரே ஆளு தோண்டுன மாதிரி கீது" என்றார். மேலே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

வெள்ளைப் பொருக்கு

வெளியே தப்பில்லை என்றால் உள்ளேதான். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றினேன். அடுப்பைச் சுற்றியிருந்த பழைய ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. வயதாகிவிட்டது, பாவம். அதனால் சூடு மேலே கசிந்து மூடி வெதுவெதுவென்று இருந்தது. ஆனால் ஃபோம் தினமும்தான் உதிர்ந்திருக்கிறது. பள்ளம் மூன்று நாளைக்கு ஒருமுறைதானே? தெர்மிஸ்டரை அளந்தேன். நன்றாக இருந்தது. "தெர்மிஸ்டர் சரி" என்று தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதினேன்.

அப்போதுதான் மூடியின் காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே, பவர் சப்ளை கெப்பாசிட்டர்களின்மேல், வெள்ளைப் பொருக்கைப் பார்த்தேன். லேசாகப் புளித்த வாசனை. பழைய கெப்பாசிட்டர் உள்ளிருக்கும் திரவத்தைக் கக்கினால் இப்படித்தான் வெள்ளையாகக் காயும், ஒரு மாதிரி நாறும். "மாட்டினியா!" என்று உரக்கவே சொன்னேன். எஸ்.பி. ரோடுக்குப் பஸ் ஏறிப் போய் நான்கு புதுக் கெப்பாசிட்டர் வாங்கிவந்தேன். பெட்டியை அணைக்காமல் தற்காலிகமாக பேட்டரியில் ஓடவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். ஆபரேஷன் முடிந்த டாக்டர் மாதிரி மேலே போனேன். ஏழு இட்லி சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கோடு நேராகப் போனது. மூன்றாம் நாள் பள்ளம்.

ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் காலை மறுபடி மூடியைத் திறந்தேன். புத்தம் புதுக் கெப்பாசிட்டரின் தலையில் அதே வெள்ளைப் பொருக்கு. ஒரு வாரத்தில் எந்தக் கெப்பாசிட்டரும் கக்காது. பொருக்கைச் சுரண்டினேன். அதில்தான் அந்தக் கறுப்புத் துணுக்கு.

லென்ஸுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மெல்லிய தோல். ஒரு ஓரத்தில் வெள்ளைப் புள்ளி.

உளுந்துத் தோல்.

லிங்கராஜபுரத்தில் எல்லாரும் தோல் நீக்கிய வெள்ளை உளுந்துதான் வாங்குகிறார்கள். கறுப்பு உளுந்தை ஊறவைத்துக் கையால் தேய்த்துக் கழுவினால்தான் இட்லிக்கு ருசி என்று பிடிவாதம் பிடிப்பவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். காலையில் லேபைக் கூட்டிப் பெருக்குவதற்காக இரண்டாவது சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.

சமையல்கட்டில் விசாரணை

இடுக்கியோடு மாடி ஏறினேன். அவர் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னாங்க இது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் வெளிறியது. லேபுக்குள் தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுவரக் கூடாது என்பது என் சட்டம்.

"நீ தான சொன்ன, அது ராவும் பகலும் ஒரே சூட்டுல இருக்கும்னு. நீ தூங்கப் போனப்புறம் இல்ல, டிவி பாக்க உக்காருவ பாரு, அப்போ கொண்டாந்து வப்பேன். காலைல பெருக்க வரப்போ எடுத்துப்பேன். ரெண்டே ரெண்டு தபா பொங்கி வழிஞ்சிச்சி. தொடச்சிட்டேனே?"

மூன்று நாளைக்கு ஒருமுறை மாவு அரைப்பார். நான்கு படி ஈர மாவு, எவர்சில்வர் குண்டான், உதிர்ந்த ஃபோம். அடுப்பின் சூட்டையெல்லாம் மாவு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கிரிஸ்டல் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறது. நான் அந்த இட்லியையே தின்றுவிட்டுப் போய் அந்தக் கிரிஸ்டலையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அந்தக் குழிங்க... அது நானா?" என்றார். நிஜமாகவே அவருக்கு அதுவரை தெரியாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ சொன்னேன். இந்த வயதில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு பலகைதான், அதையும் ஒரு குண்டான் மாவுக்காகக் கவிழ்த்துவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் கொத்தமல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எவிடென்ஸ் எல்லி?

ஆடிட்டர் சுமித்ரா மேடம் மைசூர்க்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். சிரிக்க மாட்டார். சரியாகப் பத்து மணிக்கு வந்து, என் படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தைப் படித்தார்.

அதில் நான் "தெர்மிஸ்டர் மூப்பு" என்று எழுதியிருந்தேன். ஆமாம், பொய்தான். இட்லி மாவு என்று எழுதினால் இந்த நகரத்தில் இருக்கிற அத்தனை லேபிலும் பத்து வருஷத்துக்கு என்னைச் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டியவரையும் சந்தி சிரிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேடம் என் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஸ்டெல்லாம்மா, போன வாரம் நீங்களே 'தெர்மிஸ்டர் சரி'ன்னு எழுதி சைன் மாடியிருக்கீங்க. ஒரு வாரத்துல வயசாயிடுச்சா?"

பொய் சொல்லிப் பழகாதவள் பொய் சொன்னால் இப்படித்தான். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"மேடம்." வாசலில் காபித் தட்டோடு ஆரோக்கியம். "தெர்மிஸ்டர் இல்லீங்க மேடம். நானு."

தட்டை வாசலுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, சட்டம் ஞாபகம் வந்தது போலும், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து எல்லாவற்றையும் சொன்னார். குண்டான், ஸ்வெட்டர், பொங்கி வழிந்தது, துடைத்தது, எதையும் விடவில்லை. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஹௌதா? சரி. எவிடென்ஸ் எல்லி?" என்றார். ஆதாரம் எங்கே என்று அர்த்தம். ஆடிட்டர்கள் அப்படித்தான். ஆண்டவரே வந்து சாட்சி சொன்னாலும் எழுத்தில் கேட்பார்கள்.

ஆரோக்கியம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். நான் அதுவரை பார்த்திராத நோட்டு. முப்பது வருஷம் டிரிப் ஷீட் எழுதிய கை சும்மா இருக்குமா? மாவு வைத்த தேதி, வைத்த மணி, எடுத்த மணி, எத்தனை விரல் உயரம் பொங்கியது, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். "8.10 வைப்பு. 5.55 எடுப்பு. நாலு விரல்."

மேடம் நோட்டை ஒரு பக்கமும் என் வரைபடத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டார். வைப்பு, பள்ளம். வைப்பு, பள்ளம். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிக்கு முந்தின பள்ளத்தில் விரல் நின்றது.

"இதுக்கு என்ட்ரி இல்ல."

ஆரோக்கியம் தலையைச் சொறிந்தார். பிறகு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார். "அது ஆப்ப மாவு மேடம். ஆப்பத்துக்குத் தனிப் பக்கம்."

இருந்தது.

மேடம் பேனாவை மூடினார். "மாவு இருக்கா இப்போ? வைங்க. நோடோணா, பாக்கலாம்."

ஆக, என் லேபின் வரலாற்றில் முதல்முறையாக, ஆடிட்டர் முன்னிலையில், சட்டப்படி, ஒரு குண்டான் இட்லி மாவு உள்ளே வந்தது. ஆரோக்கியம் அதைப் பெட்டியின்மேல் வைத்து ஸ்வெட்டர் போர்த்தினார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் கோடு நேராகப் போனது. வாழ்க்கையில் முதல்முறையாக என் கருவி கெட்டுப்போக வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். எட்டாவது நிமிடம் கோடு தலை சாய்ந்தது. அப்படியே இறங்கியது.

"வந்துச்சி குழி!" என்று கத்தினார் ஆரோக்கியம். நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

மேடம் என் படிவத்தில் "தெர்மிஸ்டர் மூப்பு" என்பதை ஒரே கோட்டில் அடித்து, என்னைப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். உண்மையான காரணத்தை என் கையாலேயே எழுத வைத்தார். ஃபோமை ஒரு மாதத்தில் மாற்ற வேண்டும், பெட்டியின்மேல் எதுவும் வைக்கக் கூடாது என்று எழுதினார். அங்கீகாரம் தொடரும் என்றும் எழுதினார். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

"இந்த நோட்டு ஜெராக்ஸ் ஃபைல்ல சேரணும். எழுதினவர் ஒவ்வொரு பக்கமும் சைன் மாடணும். பேரு, பதவி."

ஜெராக்ஸ் வந்ததும் மேடம் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்ட முத்திரையைக் குத்தினார். ஆரோக்கியம் பேனாவை வாங்கிப் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் தயங்கினார்.

"பதவின்னா... ரிட்டையர்டு டிரைவர்னு போடட்டுங்களா?"

"அது உங்க பழைய ஆபீசுக்கு. இந்த லேபுக்கு நீங்க யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் காலையிலிருந்து நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்து நான் திரையைப் பார்த்தேன். அவர் குனிந்து, டிரிப் ஷீட் எழுதும் அதே அழுத்தமான எழுத்தில், ஒன்பது பக்கத்திலும் "கணவர்" என்று எழுதினார்.

அடுத்த கட்டத்தில் "சரிபார்த்தவர்" என்று இருந்தது. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, ஒன்பது பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட்டேன்.